வீட்டுக்குள் ஒரு கடல்

கடற்கரையில் பிறந்தவனுக்குக் கடல் புதுமையன்று. முட்டத்தில் எங்கள் வீட்டு வாயிலில் நின்றால் தெரிவது கடல். இரவில் கண்ணை மூடினால் கேட்பதும் கடல். அப்படிப்பட்ட நான், படிப்பின் பொருட்டுத் திருவனந்தபுரம் வந்து, பழவங்காடியில் கணபதி கோயிலுக்குப் பின்புறத் தெருவொன்றில் மாடியறை பிடித்துத் தங்கியபின், கடலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்க்க ஆசைப்பட்டேன். நண்பர்கள் நகைத்தார்கள். நகைத்தவர்களில் இருவர் இன்று என்னிடமே வந்து, "எந்தப் பம்பு வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதை மன்றத்து நண்பர் எல்லோருக்கும் எழுத்தால் சொல்லலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் பட்டறிந்தது சிறிது, இழந்தது பெரிது. இழப்பைக் கேட்டாவது பிறர் பிழைக்கட்டும்.

கண்ணாடித் தொட்டியில் கடலுயிர் வளர்ப்பது பழங்காலத்துப் பழக்கமன்று. இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கென மீன் மாளிகை திறக்கப்பட்டது 1853இல். நம் சென்னை மெரினாவில் 1909இல் ஒரு மீன் காட்சிச்சாலை எழுந்தது; இரண்டாம் உலகப்போர் நடந்த 1942இல் அது மூடப்பட்டது. கடலோரத்தில் அமைந்த நிலையங்களுக்கு ஒரு வசதி உண்டு. பழைய நீரைக் கழித்துப் புதிய கடல்நீரை எடுத்துக்கொள்ளலாம். பழவங்காடி மாடியறைக்கு அந்த வசதி ஏது? அங்கே ஒரே நீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றவேண்டும். சுற்ற வைப்பது பம்பு. ஆகவே வீட்டுக் கடலில் அலையும் பம்புதான், நீரோட்டமும் பம்புதான், மூச்சும் பம்புதான்.

என் தொட்டி 90 செண்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம். மேல்தொட்டியில் ஏறக்குறைய 160 லிட்டர் நீர். அதற்குக் கீழே, அழுக்கை வடிக்கும் அடித்தொட்டியில் 40 லிட்டர். நீர் எங்கள் ஊர்க் கடலினது. கரையருகே மொள்ளாமல், வள்ளத்தில் தொலைவு சென்று மொண்டு, கேன்களில் நிரப்பி, உறவினரின் வண்டியில் அப்பா அனுப்பி வைத்தார். அந்நீரில் இரண்டு கோமாளி மீன்களையும் இரண்டு இறால்களையும் விட்டேன். மீன்கள் பண்ணையில் பொரித்து வளர்க்கப்பட்டவை. பவளத்தை நான் நாடவில்லை. பாறை கட்டும் பவளமும் கடற்குதிரையும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம்.

என் முதற் பிழை உலோகத்தில் நேர்ந்தது. நகரத்துக் கடையொன்றில், பூங்காக்களில் நீரூற்றுக்கு வைக்கும் பம்பு மலிவாகக் கிடைத்தது. "தண்ணீர் என்றால் தண்ணீர்தானே" என்று வாங்கி வந்தேன். நான்காம் நாள் இறால்கள் இரண்டும் மல்லாந்து கிடந்தன. மீன்கள் மட்டும் நன்றாகவே இருந்தன. பம்பைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பித்தளைத் திருகாணிகள். அவற்றின்மேல் பச்சைப் பாசம் பூத்திருந்தது. பித்தளையில் செம்பு உண்டு. செம்புக் குடத்து நீரை நாம் நலம் என்று பருகுகிறோம். ஆனால் இறாலுக்கும் பவளத்துக்கும் கடல்நீரில் கரைந்த செம்பு, மிகச் சிறிய அளவிலும், நஞ்சு. மீனின் ஒட்டுண்ணி நோய்க்கு மருந்தாகச் சேர்க்கும் செம்பே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவுதான். அதுவே இறாலைக் கொன்றுவிடும். இரும்பு அச்சோ உப்புநீரில் துருப்பிடித்து இறுகிவிடும். ஆகவே பம்பு வாங்குவோர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "எத்தனை லிட்டர்?" என்பதன்று, "கடல்நீருக்கென்றே செய்ததா? அச்சு பீங்கானா?" என்பதே. அத்தகைய பம்பில் மின்சுருள் முழுவதும் பிசினால் மூடப்பட்டிருக்கும். சுழல்வது காந்தம் பதித்த விசிறி ஒன்றே. நீரில் படும் உலோகம் இராது.

இரண்டாம் பிழை ஆசையில் நேர்ந்தது. இறால் மடிந்த வருத்தத்தில், "இனிப் பெரிதாகவே வாங்குவோம்" என்று, அட்டையில் 6000 லிட்டர் என்று எழுதிய, 80 வாட் உண்ணும் பம்பை வாங்கினேன். ஒரு மாதச் சாப்பாட்டுப் பணம் அதில் போயிற்று. அதன் வேகத்தில் கோமாளி மீன்கள் கண்ணாடியோரம் ஒதுங்கி நின்றன. அவை நெடுந்தூரம் நீந்தும் மீன்கள் அல்ல. கடற்சாமந்தியின் மடியை விட்டு விலகாதவை. அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

ஏப்ரல் மாதம். பகலில் நான் வகுப்பில் இருந்தபோது மின்சாரம் நின்றுவிட்டது. மாலையில் படியேறும்போதே காலில் ஈரம் பட்டது. கூடம் முழுதும் உப்புநீர். கீழ்வீட்டு அம்மா துடைப்பத்தோடு நின்றிருந்தார். தொட்டியில் பெரிய கோமாளி மீன் அடியில் சாய்ந்து கிடந்தது. சிறியது நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற, செம்பால் நீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். மின்சாரம் வரும்வரை, ஒன்றரை மணி நேரம், கை ஓயாமல் ஊற்றினேன். அந்த மீன் பிழைத்தது.

அன்றிரவு தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன். அவர் நகைக்கவில்லை. "மக்களே, கடலு அடிச்சுக்கிட்டே கெடக்கும். அது நின்னா மீனு நிக்காது. ஒன் பெட்டி நின்னா என்ன செய்வேன்னு நீ யோசிச்சியா?" என்றார். நான் யோசிக்கவில்லை. அன்றுமுதல்தான் யோசித்தேன். அன்று நடந்தவை இரண்டு. இரண்டுக்கும் காரணம் உண்டு.

ஒன்று, வெப்பம். நீருக்குள் மூழ்கி ஓடும் பம்பு உண்ணும் மின்சாரம் அனைத்தும் கடைசியில் நீரின் சூடாகவே முடிகிறது. 80 வாட் பம்பு ஒரு நாள் ஓடினால் ஏறத்தாழ 1,650 கிலோ கலோரி. அது 200 லிட்டர் நீரில் தங்கிவிட்டால் சூடு 8 பாகை ஏறும். ஆவியாகியும் அறைக் காற்றில் கலந்தும் பெரும்பகுதி போய்விடும் என்பது உண்மை. ஆயினும் ஏப்ரல் மாதத்துத் திருவனந்தபுரத்தில், காற்றே சூடாக இருக்கும்போது, அது எங்கே போகும்? என் தொட்டியில் 32 பாகை இருந்தது. சூடு ஏற ஏற நீரில் கரையும் உயிர்க்காற்றுக் குறையும். கடல்நீர் 25 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் தாங்கும். 30 பாகையில் 6.2தான். கையிருப்புக் குறைந்த வீட்டில் வரவும் நின்றது போல, பம்பு நின்றவுடன் மீன் திணறியது.

மற்றொன்று, நீர் திரும்பி இறங்கியது. பம்பு நின்றால், மேலேற்றும் குழாய் வழியாகவே தொட்டி நீர் கீழிறங்கும். குழாய் வாய் நீர்மட்டத்துக்கு மேல் தெரியும்வரை இறங்கும். என் குழாயின் வாய் 5 செண்டிமீட்டர் ஆழத்தில் இருந்தது. 90-ஐ 45-ஆலும் 5-ஆலும் பெருக்கிப் பாருங்கள், 20 லிட்டர்! அடித்தொட்டியிலோ அவ்வளவு இடமில்லை. மாற்று எளிது. குழாய் வாயை மட்டத்துக்குச் சற்றே கீழே வைப்பது. மட்டத்தையொட்டிக் குழாயில் சிறு துளை இட்டுக் காற்றுப் புகவிடுவது. அடித்தொட்டியில் இறங்கும் நீருக்கு இடம் விடுவது. ஒருவழி அடைப்பானை மட்டும் நம்பக்கூடாது. சிறு நத்தையோ மணலோ சிக்கினால் அது மூடாது. பம்பு வைத்த அன்றே மின்சாரத்தை நிறுத்திப் பார்த்துவிட வேண்டும்.

நிற்க. இனிச் சரியான பம்பைக் கணக்கிடும் முறையைக் காண்போம்.

அட்டையில் அச்சிட்ட லிட்டர், நீரைச் சிறிதும் மேலேற்றாதபோது வரும் அளவு. அருகில் "அதிக உயரம்" என்று மீட்டரில் ஓர் எண் இருக்கும். அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது. நம் தொட்டி இவ்விரண்டுக்கும் இடையே எங்கோ இருக்கிறது. அடித்தொட்டி நீர்மட்டத்திலிருந்து குழாய் வாய்வரை நான் அளந்தேன்: 1.3 மீட்டர். குழாய் வளைவுகளுக்கும் உராய்வுக்கும் 0.3 சேர்த்தேன்: 1.6. பின், எனக்கு எவ்வளவு நீர் தேவை என்று பார்த்தேன். அடித்தொட்டி வழியாக மணிக்கு மூன்று முதல் ஐந்து முறை நீர் சுற்றினால் மீன் தொட்டிக்குப் போதும். 160 லிட்டருக்கு ஐந்து முறை என்றால் 800 லிட்டர். ஆக, எனக்கு வேண்டியது 1.6 மீட்டர் உயரத்தில் 800 லிட்டர் தரும் பம்பு. நல்ல பம்புகளோடு, எந்த உயரத்தில் எவ்வளவு நீர் வரும் என்று காட்டும் வரைபடம் வரும். அதைப் பார்த்து, அட்டையில் 2000 லிட்டரும் 2.8 மீட்டரும் குறித்த, 20 வாட் பம்பை வாங்கினேன். மூன்று விரற்கடை அகலக் குழாயை வாங்கவேண்டியதில்லை. பம்பின் வாயைவிடக் குறுகாத குழாய் போதும்.

வாங்கியதை நம்பிவிடலாமா? கூடாது. 10 லிட்டர் வாளியைக் குழாய் வாயருகே பிடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நிரம்ப 44 வினாடி ஆயிற்று. மணிக்கு 818 லிட்டர்! கணக்கும் வாளியும் ஒத்துப்போன அந்த மகிழ்ச்சியைத் தேர்வில் பெற்ற எந்த மதிப்பெண்ணும் எனக்குத் தந்ததில்லை.

தொட்டிக்குள் நீரைப் புரட்டும் வேலைக்குத் தனியே, 6 வாட் சிறிய அலைப் பம்பு வைத்தேன். மேலேற்றும் பம்பையே பெரிதாக்கி இரண்டு வேலையையும் வாங்குவது வீண். உயரத்தை எதிர்த்து ஏறாத பம்புக்குச் சிறு மின்சாரமே பெரிய ஓட்டம் தரும். அதன் முகம் மேற்பரப்பைக் கலக்கும்படி இருக்கவேண்டும். உயிர்க்காற்று நீருக்குள் புகும் வாயில் அம்மேற்பரப்பே.

நம் ஊருக்கேயுரிய ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து உறவினர் பம்பு கொண்டுவருவது இங்கே வழக்கம். சவுதி அரேபியாவிலும் அமெரிக்காவிலும் மின்சாரம் வினாடிக்கு 60 அலை, நமக்கு 50. காந்த விசிறிப் பம்பு இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். நீர் ஆறில் ஒரு பங்கு குறையும். ஏறும் உயரமோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். அமெரிக்கப் பம்பாயின் வோல்ட்டும் பொருந்தாது.

உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை மறத்தல் ஆகாது. கம்பியைத் தொட்டிக்குக் கீழே வளைத்து இறக்கி, அதன்பின் மேலேற்றிச் செருக வேண்டும். வழியும் நீர் வளைவில் சொட்டிவிடும், செருகியை அடையாது. கசிவு கண்டால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் காப்பு அவசியம். தொட்டியில் கைவிடுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி, நீர் கலந்த வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால், படிந்த சுண்ணம் கரைந்து பழைய வேகம் திரும்பும்.

அப்பாவின் கேள்விக்கு விடை என்ன? மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுப் பம்பு. மின்சாரம் நின்றால் அது தானே குமிழி விடத் தொடங்கும். எளிய குமிழியை இகழவேண்டா. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்ப்பாறையும் காற்றுக் குமிழியும் கொண்டே கடல் தொட்டி நடத்திய முறையை 1961இல் எழுதி உலகுக்குக் காட்டினார்.

பிழைத்த சிறிய மீன் இன்று என் தொட்டியில் இருக்கிறது. கோமாளி மீன்களில் பெரியது பெண். அது இறந்தால் ஆண் மீன் வளர்ந்து பெண்ணாக மாறும். என் மீனும் வளர்ந்துவருகிறது. அதற்குத் துணையாக ஒரு சிறு மீனைச் சென்ற மாதம் விட்டேன். இடவப்பாதி மழையில் ஓர் இரவு மின்சாரம் நின்றது. நான் எழுந்து விளக்கடித்துப் பார்த்தேன். குமிழிகள் எழுந்துகொண்டிருந்தன, தரை உலர்ந்திருந்தது, மீன்கள் இரண்டும் உறங்கின. நானும் போய்ப் படுத்தேன்.

நண்பர்களே, அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு என்பது பழமொழி. பம்புக்கும் அது பொருந்தும். அட்டையைப் படிப்பதற்குமுன் உங்கள் தொட்டியின் உயரத்தை அளந்து பாருங்கள். அதற்கும் முன், மின்சாரம் நிற்கும் இரவை நினைத்துப் பாருங்கள்.