பெயர் யாருடையது?

உங்கள் வகுப்பில் ஜப்பான், பிலிப்பைன்ஸ் நாட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்களா? அவங்க வீட்டுக் கல்யாணம் எப்படி நடக்கும், தெரியுமா?

ஜப்பானில் ஷின்டோ முறைக் கல்யாணத்தில் பெண் வெள்ளைக் கிமோனோ உடுத்துவார். மணமக்கள் மூன்று கிண்ணங்களில் ‘சாக்கே’ என்ற அரிசி மதுவை மும்மூன்று மடக்காகக் குடிப்பார்கள். மொத்தம் ஒன்பது! நண்பர்கள் மொய்க் கவரில் பெரும்பாலும் 10,000 யென் நோட்டு மூன்று வைப்பார்கள். ஏன் மூன்று? இரண்டு என்றால் சமமாகப் பிரித்துவிடலாமே! ஜோடி பிரியக் கூடாது, இல்லையா?

பிலிப்பைன்ஸில் நிறையக் கல்யாணங்கள் சர்ச்சில் நடக்கும். மணமக்கள் இருவர் மேலும் ஒரே கயிற்றை 8 வடிவத்தில் போடுவார்கள். மாப்பிள்ளை பெண்ணுக்கு 13 காசு கொடுப்பார். அங்கே பிள்ளைகள் பெரியவர்களின் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைத்து வணங்குவார்கள். அதன் பெயர் ‘மானோ’.

கல்யாணம் முடிந்ததும் பெயர் என்ன ஆகும்? ஜப்பான் சட்டப்படி ஜப்பானியக் கணவன், மனைவி இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர்தான். பெரும்பாலும் மனைவிதான் மாற்றிக்கொள்கிறார். “என் பெயர் எனக்கு வேணும்” என்று சிலர் வழக்குப் போட்டார்கள். 2015-லும் 2021-லும் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிலிப்பைன்ஸிலோ, பிள்ளையின் பெயருக்கு நடுவில் அம்மாவின் குடும்பப் பெயரும் வரும்.

உங்கள் பெயரோடு யார் பெயர் இருக்கிறது? ஏன்? வீட்டில் கேட்டுட்டு வந்து வகுப்பில் சொல்லுங்க.