முதுகுப் பொதியோடு இருவர்: இஸ்தான்புல் நகரின் முதற் காட்சிகள்

முதுகிலே ஒரு பொதி, கையிலே அளவான பணம், அருகிலே ஒரு நண்பன். இம்மூன்றையுமே துணையாகக் கொண்டு அயல்நாடு காணப் புறப்படுவோர் இன்று உலகெங்கும் பலர். மாளிகை போன்ற ஓட்டல்களை இவர்கள் நாடுவதில்லை. பலர் ஒன்றாக உறங்கும் விடுதியறையில் ஒரு கட்டில் கிடைத்தாற் போதும். இத்தகைய விடுதி முறைக்கு வித்திட்டவர் றிச்சட் ஷிர்மான் என்னும் ஜெர்மானிய ஆசிரியர். 1909-ஆம் ஆண்டில் மாணவரோடு நடைப்பயணம் சென்றவர், இடி மழையில் அகப்பட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் இராத் தங்க நேர்ந்தது. அன்று அவர் உள்ளத்தில் முளைத்த எண்ணம் 1912-இல் அல்தேனா என்னும் ஊரின் பழங்கோட்டையில் இளைஞர் விடுதியாக உருப்பெற்றது.

பொதி சுமந்து செல்லும் பயணிகளின் வரலாற்றிலே துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகருக்குத் தனியிடம் உண்டு. 1960-களிலும் 1970-களிலும் ஐரோப்பாவிலிருந்து தரை மார்க்கமாக இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் சென்ற இளைஞர், வழித்துணை தேடியது இங்கேதான். சுல்தானகமது பகுதியில் 1957-இல் திறக்கப்பட்ட ஓர் உணவகத்தின் அறிவிப்புப் பலகை அவர்களுக்குத் தபாற்கந்தோர் போல விளங்கிற்று. 1979-இல் ஈரானில் நிகழ்ந்த புரட்சியும், அவ்வாண்டின் இறுதியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தமையும் அந்தப் பாதையை அடைத்துவிட்டன. ஆயினும் இஸ்தான்புல்லுக்கு இளைஞர் வருவது நின்றுவிடவில்லை.

இலங்கையிலிருந்து செல்லும் இரு நண்பர்கள் அந்நகரில் கழிக்கும் முதல் நாளை எண்ணிப் பார்க்கலாம். நகரை முதலில் அறிந்துகொள்பவை அவர்களுடைய கால்களே. தேசப்படத்தில் விரலளவாகத் தோன்றும் தூரம், கல் பாவிய செங்குத்தான தெருவாக எதிரே நிமிர்ந்து நிற்கும். பொதியின் பாரம் தோளில் தொங்காமல் இடுப்பில் தங்குமாறு பட்டியை இறுக்கிக் கட்ட வேண்டும் என்பதை அந்த ஏற்றமே கற்பித்துவிடும். அடுத்து விழித்துக்கொள்வது செவி. ஒரு பள்ளிவாசலின் பாங்கொலிக்கு மறு பள்ளிவாசல் விடையிறுக்கும். இடையிடையே கப்பற் சங்கும் கடற்காகங்களின் கூச்சலும் கலந்து வரும். கடை வாயிலிலும் மதில் மேலும் பூனைகள் அச்சமின்றிப் படுத்திருக்கும்.

முதற் காட்சிகள் இன்பமளிப்பவை. ஆனால் ஏமாற்றுவதிலும் வல்லவை. விடுதியில் இடம் உண்டா என நண்பர்கள் கேட்கிறார்கள். அங்குள்ளவர் முகத்தைச் சற்றே மேலே நிமிர்த்திப் புருவத்தை உயர்த்தி நாவால் உச்சுக்கொட்டுகிறார். தமிழர் இரக்கத்துக்கும் சலிப்புக்கும் உச்சுக்கொட்டுவர். ஆதலால் அவர் தம்மை அவமதித்ததாக ஒருவருக்குத் தோன்றக்கூடும். உண்மையிலோ அது துருக்கியர் 'இல்லை' எனச் சொல்லும் இயல்பான முறை. அதில் கோபமுமில்லை, இகழ்ச்சியுமில்லை. அவ்வாறே, சம்மதத்துக்கு அறிகுறியாக இவர்கள் தலையை இருபுறமும் அசைத்தால், 'இவர்களுக்கு விளங்கவில்லை' என்றே எதிரே நிற்பவர் கொள்வார்.

எழுத்திலும் இத்தகைய மயக்கம் உண்டு. 1928-இல் துருக்கிமொழி அரபு எழுத்தைக் கைவிட்டு உரோம எழுத்தை ஏற்றது. எழுத்துகள் பழகியவை போலத் தோன்றினும் ஒலி வேறு. ஆங்கிலம் 'சீ' என அழைக்கும் எழுத்து அங்கே 'ஜ' என ஒலிக்கும். இதனை அறியாதவர் பெயர்ப்பலகையைப் பார்த்துப் பிழையாக உச்சரித்து வழி கேட்பர், தெருவார் திகைப்பர்.

இனி, நண்பர் இருவருக்கும் கருத்து வேறுபடும் கட்டம் வருகிறது. கம்பளக் கடைக்காரர் ஒருவர் தேநீர் அருந்த அழைக்கிறார். இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில், பாலின்றிச் செந்நிறமாகத் தேநீர் வருகிறது. இது விருந்தோம்பல் என்கிறார் ஒருவர். வலை என்கிறார் மற்றவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. வாணிகமும் உபசாரமும் அந்நகரில் ஒரே தட்டிலேயே வருவன. தேநீர் அருந்தியவர் கம்பளம் வாங்கியே தீரவேண்டுமென்ற கடப்பாடு இல்லை. நன்றி கூறி எழுந்து வரலாம். ஆயின், அழைத்தவரெல்லாம் வஞ்சகர் என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டால், பின்னர் உண்மையான அன்போடு அழைப்பவரையும் இழக்க நேரிடும். அழைப்பவரெல்லாம் நல்லவர் என்று நம்பினால் பணப்பை இளைக்கும். ஒருவரின் ஐயமும் மற்றவரின் நம்பிக்கையும் ஒன்றையொன்று திருத்துவதே நண்பனோடு செல்வதன் பெரும்பயன்.

அதே நண்பன் தடையாக அமைவதும் உண்டு. இருவரும் தம்முள்ளேயே தாய்மொழியில் உரையாடிக்கொண்டு சென்றால், ஊர் ஒரு திரைச்சீலையாகிப் பின்னால் நின்றுவிடும். களைப்பும் பசியும் சேர்ந்தால் சிறு செலவும் பெரும் பிணக்காகும். 2024 முதல் வெளிநாட்டுப் பார்வையாளர் ஹகியா சோபியாவின் மேல்மாடத்துக்குச் செல்லக் கட்டணம் செலுத்த வேண்டும். ஒருவர் அதனைப் பார்க்க விரும்ப, மற்றவர் சினான் என்னும் சிற்பி 1557-இல் கட்டி முடித்த சுலைமானியாப் பள்ளிவாசலைக் கட்டணமின்றிக் காண விரும்பலாம். அன்றாடச் செலவுக்குப் பொதுப் பை ஒன்று வைத்து இருவரும் சமமாகப் பணமிட்டு, ஏனைய விருப்பங்களுக்கு அவரவர் பணத்தைச் செலவிட்டுச் சில மணி நேரம் பிரிந்து சென்று, மாலையில் எமினோனுத் துறையிற் கூடி உஸ்குதாருக்குக் கப்பலேறுவதே நட்பைக் காக்கும் வழி. சிறிது நேரத்திலேயே ஐரோப்பாக் கரை விலகி ஆசியாக் கரை வந்துவிடும். அவ்வேளையில் ஒருவர் கண்டதை மற்றவர் கேட்க, ஒரு நகர் இரண்டாகப் பெருகும்.

1344-இல் இலங்கைக்கு வந்து ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த இபன் பதூதா, அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் இதே நகரைக் கண்டவர். அப்போது அது கொன்ஸ்தாந்திநோப்பிள் எனப்பட்டது. 537-இல் கட்டி முடிக்கப்பட்ட ஹகியா சோபியா அந்நாளில் கிறித்தவர்களின் பேராலயமாக இருந்தது. அதன் உட்புறத்தைத் தாம் காணவில்லை என்று கூறி, வெளிப்புறத்தை மாத்திரமே அவர் வருணித்தார். உலகின் பெரும் பகுதியைச் சுற்றிய அவரே காணாததைக் காணவில்லை என ஒப்புக்கொண்டாரெனில், ஒரு நாட் பயணிக்கு அதனில் வெட்கமென்ன? உச்சுக்கொட்டியவரைப் பற்றியும் தேநீர் தந்தவரைப் பற்றியும் முதல் நாளில் தீர்ப்பெழுதாமல், கண்டதை மட்டும் குறித்துவைப்பவருக்கு மறுநாள் அந்நகர் மேலும் சிறிது கதவு திறக்கும்.