ஆங்கிலப் பரீட்சையும் புள்ளிக் கணக்கும்

பிறநாட்டுச் சர்வகலாசாலைகளிலே சேர விழையும் மாணாக்கர் பலர், ஆங்கிலப் பரீட்சையின் பெறுபேறு கைக்கு வந்ததும் மொத்தப் புள்ளியை மட்டுமே நோக்கி மகிழ்கின்றனர். அன்றேல் மனஞ் சோர்கின்றனர். அவ்வெண் எவ்வாறு பிறந்தது என்று ஆராய்வோர் மிகச் சிலரே. இன்று நாம் அதனைச் சிறிது நோக்குவோம்.

ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்னும் பரீட்சையிலே கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உள. ஒவ்வொன்றுக்கும் 9 வரை புள்ளி வழங்குவர். நான்கின் சராசரியை அண்மையிலுள்ள அரைப் புள்ளிக்குத் திருத்துவர். அது சரிநடுவில் நின்றால் மேலே உயர்த்துவர். ஒரு மாணவி இந்நான்கிலும் முறையே 7, 6.5, 5.5, 6 பெற்றாள் என்று கொள்வோம். கூட்டுத்தொகை 25, சராசரி 6.25, ஆகவே மொத்தப் பெறுபேறு 6.5. அவளுடைய தோழியோ நான்கிலும் 6 பெற்றாள், மொத்தமும் 6. முன்னவளே வென்றாள் என்று நாம் எண்ணுவோம். ஆயினும், “மொத்தம் 6, எப்பகுதியிலும் 6க்குக் குறையலாகாது” என விதிக்கும் சர்வகலாசாலையிலே பின்னவளுக்கே வாயில் திறக்கும். எழுத்திற் குறைந்த அரைப் புள்ளி முன்னவளைத் தடுத்துவிடும்.

இனி, ஒரு பரீட்சையை மற்றொன்றோடு ஒப்பிடுவோம். ‘ரோபல்’ என்னும் பரீட்சை 2005ஆம் ஆண்டு இணையவழிக்கு மாறியபோது அதன் மொத்தப் புள்ளி 120 ஆயிற்று. 2026 ஜனவரியில் 1 முதல் 6 வரையான புதிய அளவு புகுந்தது. இவ்வளவிலே 5 என்பது, ஐரோப்பியப் பேரவை 2001இல் வெளியிட்ட ஆறு படிகளுள் ஐந்தாவதான சீ1 ஆகும். ஐ.ஈ.எல்.ரி.எஸ். 5 என்பதோ மூன்றாம் படியான பீ1. எண் ஒன்றே, இடையே இரு படிகள்!

ஒப்பீட்டு அட்டவணைகள் உளவே எனலாம். ரோபல் நடாத்துவோர் பழைய அளவிற்கு வெளியிட்ட அட்டவணையிலே, 6.5க்கு நிகராக 79 முதல் 93 வரை குறிக்கப்பட்டிருந்தது. நிகர் என்பது ஒரு புள்ளியன்று, ஒரு வீச்சே. ஒரு கொத்து அரிசி இத்தனை றாத்தல் என்று எல்லா அரிசிக்கும் ஒரே கணக்குச் சொல்லலாகுமோ?

ஆதலின், பெற்றோரே, மாணாக்கரே, பரீட்சைக் கட்டணம் குடும்பத்தின் அரிய சேமிப்பு. அதனைச் செலுத்துமுன், சேர விரும்பும் சர்வகலாசாலை எப்பரீட்சையை ஏற்கின்றது, பகுதிதோறும் எத்தனை புள்ளி வேண்டுகின்றது என்பவற்றை அதன் விதியிலேயே வாசித்தறியுங்கள். பின்னர், வலிமை குன்றிய பகுதியிலே உழைப்பை மிகுதியாக இடுங்கள். சராசரி மறைக்கும் குறையை விதி மறவாது.