காலாவதியான பெறுபேறு

2009இல் வன்னியிலிருந்து வெறுங்கையுடன் வந்தபோது என் மகளுக்கு ஐந்து வயது. தையல் மெஷின் ஒன்றை வைத்துத்தான் அவளை உயர்தரம் வரை படிப்பித்தேன். பின்னர் காப்புச் சோடியை ஈடு வைத்துக் கனடாவுக்குப் படிக்க அனுப்பினேன்.

போன வருடம் மாசியில் ஒரு நாள் ரெலிபோனில் அழுதாள்.

"அம்மா, என்ர சோதினை காலாவதியாப் போச்சுதாம்."

"படிச்சதும் காலாவதியாகுமோ பிள்ளை?" என்றேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவள் சொன்னது ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்னும் ஆங்கிலப் பரீட்சையை. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். கூடிய புள்ளி 9. 2023 தையில் 6.5 எடுத்திருந்தாள். அந்தப் பெறுபேறு இரண்டு வருடங்களுக்குத்தான் செல்லும். அந்த இரண்டு வருடங்களும் பரீட்சை எழுதிய நாளிலிருந்தே கணக்கு. விசாவுக்காகக் காத்திருந்தே ஒரு வருடம் போய்விட, 2024 தையில்தான் படிப்பைத் தொடங்கினாள்.

வணிகம் படித்துக்கொண்டிருந்தவள், சித்தி இருக்கும் ஊரிலுள்ள வேறொரு கல்லூரியில் தாதியர் கல்விக்கு மாற விரும்பினாள். அந்தக் கல்லூரியோ புதிய பெறுபேறு கேட்டது. அதுவும் 7 வேண்டும், எழுதுதலில் 6.5க்குக் குறையக்கூடாதாம். ஆங்கிலத்தில் இரண்டு வருடம் படித்திருந்தால் பரீட்சை வேண்டாம் என்றார்கள். இவள் முடித்திருந்தது ஒரு வருடம். சில கல்லூரிகள் முதலாம் வருட ஆங்கிலப் பாடத்தில் சித்தியடைந்தாலே ஏற்றுக்கொள்கின்றன. கல்லூரிக்குக் கல்லூரி, பாடநெறிக்குப் பாடநெறி இது வேறுபடும். முன்பே மின்னஞ்சலில் கேட்டிருக்கலாம். நாங்கள் கேட்கவில்லை.

பாவிக்காத மொழி மறந்துபோகும், அதனால்தான் இந்தக் கெடு என்று தங்கை விளக்கினாள். ஒவ்வொரு நாளும் ஆங்கிலத்திலேயே படிப்பவளுக்கு அது எப்படிப் பொருந்தும்? எனக்குக் கோபம்தான் வந்தது.

கோபித்து ஆவதென்ன? பெறுபேறு இல்லாமல் அனுமதிக் கடிதம் வராது. 2024 கார்த்திகை 8ஆம் திகதி முதல் கனடாவில் கல்லூரி மாறுபவர்கள் புதிய கல்வி அனுமதிப்பத்திரத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும். கடிதம் இல்லாமல் அதற்கும் வழியில்லை.

பகலில் வகுப்பு, மாலையில் கடை வேலை, இரவில் கட்டுரை எழுதிப் பயிற்சி. காப்பு மீட்கச் சேர்த்த காசைப் பரீட்சைக் கட்டணத்துக்கு அனுப்பினேன். சித்திரையில் 7 எடுத்தாள். எழுதுதலில் சரியாக 6.5. புரட்டாதியில் தாதியர் கல்வியைத் தொடங்கினாள்.

காப்பு இன்னும் ஈட்டில்தான் இருக்கிறது. புதிய பெறுபேற்றின் பிரதியைப் பிஸ்கற் பேணிக்குள் வைத்திருக்கிறேன். மேலே நானே பேனையால் எழுதியிருக்கிறேன்: 2027 சித்திரை வரை.