வழுக்கைக்கான மருந்துகள்

ஆண்களுக்கு மரபுவழியாக ஏற்படும் தலைவழுக்கையைக் கட்டுப்படுத்தப் பயன்படும் மருந்துகளுள் மினாக்சிடில், பினாஸ்டிரைடு ஆகிய இரண்டும் முதன்மையானவை. முன்னது பெரும்பாலும் தலையில் தடவப்படுகிறது. பின்னது மாத்திரையாக உட்கொள்ளப்படுகிறது. இரண்டும் முதலில் வேறு நோய்களுக்காக விற்பனைக்கு வந்தவை. இவை வழுக்கையை நிரந்தரமாகக் குணப்படுத்துவதில்லை. பயன்படுத்தும் காலம் வரை முடி உதிர்வைக் குறைத்து, பலருக்கு ஓரளவு முடியை வளரச் செய்கின்றன.

வழுக்கை ஏற்படும் விதம்

டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரை 5-ஆல்பா ரிடக்டேஸ் என்னும் நொதியம் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் (சுருக்கமாக டி.எச்.டி) ஆக மாற்றுகிறது. மரபியல் காரணங்களால் சிலருக்கு நெற்றியோரத்திலும் உச்சந்தலையிலும் உள்ள மயிர்க்கால்கள் டி.எச்.டி-யால் எளிதில் பாதிக்கப்படுகின்றன. அவற்றில் முடியின் வளர்ச்சிப் பருவம் குறுகுகிறது. மயிர்க்கால்கள் படிப்படியாகச் சிறுத்து, தடித்த முடிக்குப் பதிலாக மெல்லிய முடியே முளைக்கிறது.

மினாக்சிடில்

இது உயர் குருதி அழுத்தத்துக்கான மாத்திரையாக 1979-இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதை உட்கொண்டவர்களின் உடலில் முடி மிகுதியாக வளர்ந்ததைக் கண்டு, தடவும் கரைசல் உருவாக்கப்பட்டது. 2% கரைசலுக்கு அந்நாட்டில் ஆண்களுக்கு 1988-இலும், பெண்களுக்கு 1991-இலும் ஒப்புதல் கிடைத்தது. இம்மருந்து முடியின் வளர்ச்சிப் பருவத்தை நீட்டிக்கிறது, டி.எச்.டி அளவைக் குறைப்பதில்லை. தொடக்க வாரங்களில் பழைய முடிகள் கூடுதலாக உதிரக்கூடும். இதைத் தோல்வி எனக் கருதிச் சிலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். ஆனால் பலன் தெரியப் பொதுவாக நான்கு மாதங்களாவது ஆகும். தோல் அரிப்பு, முகத்தில் முடி வளர்தல் ஆகியன இதன் பக்க விளைவுகள்.

பினாஸ்டிரைடு

டொமினிக்கன் குடியரசில் 5-ஆல்பா ரிடக்டேஸ் குறைபாட்டுடன் பிறந்த ஆண்களைப் பற்றிய ஆய்வு 1974-இல் வெளியானது. அவர்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி சிறிதாக இருந்தது, வழுக்கை விழவில்லை. இந்நொதியத்தைத் தடுக்கும் பினாஸ்டிரைடு, புரோஸ்டேட் வீக்கத்துக்காக 5 மி.கி. அளவில் 1992-இலும், ஆண் வழுக்கைக்காக 1 மி.கி. அளவில் 1997-இலும் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இது குருதியில் டி.எச்.டி அளவை ஏறத்தாழ 70% குறைக்கிறது.

பாலுணர்வுக் குறைவு, விறைப்புக் குறைபாடு ஆகியன சிலருக்கு ஏற்படுகின்றன. மருந்தை நிறுத்திய பின்னும் இவை நீடித்ததாக வந்த முறையீடுகளை அடுத்து, 2012-இல் ஐக்கிய அமெரிக்காவில் மருந்தின் தகவல் தாள் திருத்தப்பட்டது. தற்கொலை எண்ணம் இதன் பக்க விளைவு என ஐரோப்பிய மருந்து முகமை 2025-இல் உறுதிசெய்தது. மனச்சோர்வு தோன்றினால் மருந்தை நிறுத்தி மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

ஒப்பீடு

பினாஸ்டிரைடு வழுக்கைக்குக் காரணமான இயக்குநீரையே குறைக்கிறது. மினாக்சிடில் அக்காரணத்தைத் தொடாமல் வளர்ச்சியைத் தூண்டுகிறது. செயற்படும் இடங்கள் வேறானதால், இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதும் உண்டு. தடவும் மினாக்சிடிலின் விளைவு பெரும்பாலும் தோலோடு நிற்கிறது. பினாஸ்டிரைடு மாத்திரை உடல் முழுவதும் செயற்படுகிறது.

பெண்களுக்கு மினாக்சிடில் பயன்படுகிறது. பினாஸ்டிரைடு ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். ஆகையால் கருவுற்ற பெண்கள் அதை உட்கொள்ளக் கூடாது. உடைந்த மாத்திரையைக் கையால் தொடவும் கூடாது. மேலும், புரோஸ்டேட் புற்றுநோயை அறிய உதவும் பி.எஸ்.ஏ அளவை இம்மருந்து ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும். எனவே அச்சோதனைக்கு முன் மருத்துவரிடம் இதைத் தெரிவிப்பது இன்றியமையாதது.

மருந்தை நிறுத்துதல்

மினாக்சிடிலை நிறுத்தினால் சில மாதங்களிலும், பினாஸ்டிரைடை நிறுத்தினால் ஏறத்தாழ ஓராண்டிலும் கிடைத்த பலன் மறைந்துவிடும். ஆகவே இவற்றுள் ஒன்றைத் தேர்வது நீண்டகாலப் பயன்பாட்டுக்கான முடிவாகும். முடி உதிர்வு தைராய்டுக் கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு போன்றவற்றாலும் ஏற்படும் என்பதால், காரணத்தை மருத்துவர் வழி உறுதிசெய்த பின்னரே மருந்தைத் தொடங்க வேண்டும்.