தன் எதிரொலியோடு வாசித்தவர்

பிரிட்டனின் குவீன் ராக் குழுவில் கிட்டார் வாசிப்பவர் பிரையன் மே. அவருடைய தனி வாசிப்புகளில் எது முழுக்கப் புதுமையானது என்று ரசிகர்களிடம் கேட்டால் பேச்சு லேசில் முடியாது. பலரும் 1975-இல் வந்த 'பொஹீமியன் ராப்சடி'யைச் சொல்வார்கள். அது அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் புதுமை என்று வந்தால், 1974-இல் வெளியான 'பிரைட்டன் ராக்' பாட்டுக்குத்தான் என் ஓட்டு.

மேடையில் அதை அவர் வாசிக்கும் விதமே தனி. ஒரு ஸ்வரக்கோவையை வாசிப்பார். எக்கோ கருவி அதைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும். இன்னொரு கருவி மேலும் தாமதித்து மறுபடியும் தரும். திரும்பி வரும் ஒலிக்கு இசைவான அடுத்த ஸ்வரங்களை அதற்குள் அவர் தொடுத்திருப்பார். ஒரே ஆள், மூன்று கிட்டார்! தாளம் இம்மி பிசகினாலும் எல்லாம் குழம்பிவிடும்.

அந்தக் கிட்டாரும் கடையில் வாங்கியதல்ல. பதின்வயதில் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்தது. அதன் கழுத்துப் பகுதி, பழைய கணப்படுப்பின் சட்டத்திலிருந்து எடுத்த மரம். தந்தியை மீட்ட அவர் பிளாஸ்டிக் பிக் வைத்துக்கொள்வதில்லை. பழைய ஆறு பென்ஸ் நாணயம்தான். அதன் வரிவரியான விளிம்பு தந்தியில் உரசும்போது எழும் கரகரப்பை வைத்தே அவர் வாசிப்பை அடையாளம் கண்டுவிடலாம்.