உஷார்! ‘வெறும் தாழ்வு மண்டலம்தானே’ என்று அசந்துவிடாதீர்கள்

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நம் கவனமெல்லாம் புயல் மீதுதான். பெயர் வைத்துவிட்டார்களா, எங்கே கரையைக் கடக்கும், எவ்வளவு வேகம் என்று விசாரிக்கிறோம். புயலாக மாறாது என்று தெரிந்ததும் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். தயவுசெய்து அப்படித் தூங்காதீர்கள்!

2015 நவம்பர் 8 அன்று வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. மறுநாள் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகிப் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்கடுத்த நாள் ஓய்ந்தும் போனது. பெயர்கூட வைக்கப்படாத அந்த அற்பாயுசு மண்டலம், தீபாவளிக்கு முந்தின நாளில் நெய்வேலியில் மட்டும் 48 செ.மீ. மழையைக் கொட்டியது. கடலூர் மாவட்டமே தத்தளித்தது.

ஏன் இப்படி? வானிலை ஆய்வு மையம் இந்தக் கடல் சுழற்சிகளைத் தரம் பிரிப்பது காற்றின் வேகத்தை வைத்துத்தான். மணிக்கு 31 கி.மீ. தொட்டால் தாழ்வு மண்டலம், 50 தாண்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 ஆனால் புயல். எவ்வளவு மழை பெய்யும் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

வெதுவெதுப்பான கடல்நீர் ஆவியாகி, மேலே போய் மேகமாகும்போது வெளிப்படும் வெப்பம்தான் இந்தச் சுழற்சிக்குத் தீனி. கீழே ஒரு திசையிலும் உயரத்தில் வேறு திசையிலும் காற்று அடித்தால், மேகக் கூட்டம் மையத்தை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். மையம் மொட்டையாக நிற்கும். சுழற்சி வளர வழியில்லாமல் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஆனால் அது திரட்டிவைத்த ஈரம் அதனுடன் மறைந்துவிடாதே! ஒதுங்கிய மேகம் எந்த ஊர்மேல் நிற்கிறதோ அந்த ஊருக்குத்தான் ஆபத்து. நகராமல் ஒரே இடத்தில் நின்றுவிட்டாலோ இன்னும் மோசம். 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்து ராமநாதபுரத்துக்கு அருகே மன்னார் வளைகுடாவில் அப்படித்தான் நின்றது. மழை கொட்டியது எங்கே? இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, கொள்ளிடத்தில் 36 செ.மீ., சிதம்பரத்தில் 34 செ.மீ. நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் தேங்கியது.

2024இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து வலுவிழந்த பிறகு, கடலே தெரியாத ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களை இழுத்துக்கொண்டு போனது.

தாழ்வு மண்டலம் என்ற தகுதிகூட இல்லாதவை செய்ததை நினைத்தால் இன்னும் பதறுகிறது. 2023 டிசம்பர் 17, 18இல் குமரிக்கடல் பக்கம் இருந்தது வெறும் மேலடுக்குச் சுழற்சிதான். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. ஸ்ரீவைகுண்டம் அருகே தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள்.

கடலுக்குப் போகிறவர்களே, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கரையில் நிற்பவருக்கு 50 கி.மீ. காற்று பெரிதாகத் தெரியாது. நடுக்கடலில் ஃபைபர் படகைக் கவிழ்க்க அது போதும். தடை விதித்த நாளில், ‘சின்னதுதானே, வலையை எடுத்துவிட்டு வந்துவிடலாம்’ என்று கிளம்பாதீர்கள். ஏற்கனவே ஆழ்கடலில் இருந்தால் கரை திரும்புங்கள்.

மற்றவர்களும் அறிவிப்பில் புயல் என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் மாவட்டத்துக்கு ரெட் அலர்ட் என்றால் 20 செ.மீ.க்கு மேல் பெய்யக்கூடும் என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் தரையில் இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியை மேலே ஏற்றுங்கள். ரேஷன் கார்டு, பத்திரம், மாத்திரை எல்லாவற்றையும் பாலிதீன் பையில் போட்டு முடிந்துவையுங்கள். ஏரிக்கரை, ஆற்றோரம் குடியிருப்பவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே முகாமுக்குப் போய்விடுங்கள். வயதானவர்களை முதலில் கூட்டிப்போங்கள். உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. இரண்டு எண்களையும் இப்போதே செல்போனில் பதிந்துகொள்ளுங்கள்.